புதன்கிழமை டேப்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் கேன்டீனில் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அவர்கள் சொன்னால் கூட நாலு சேர்த்துச் சொல்வார்கள். ஆயுத பூஜையன்று டேப் லைப்ரரியின் கதவைத் திறந்து, உள்ளே நின்றிருந்த டேப்புகளுக்கெல்லாம் வரிசையாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்த ஆசாமி நான்தான்.

அன்றைக்கு அது முட்டாள்தனமாகத் தெரியவில்லை. நம்முடையது மாம்பழக் கூழ் ஃபேக்டரி. பாய்லருக்குப் பொட்டு, கம்ப்ரசருக்குப் பொட்டு, ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்றே கட்டியிருந்தார்கள். சிஸ்டம் ரூம் மட்டும் துக்க வீடு மாதிரி கிடக்கலாமா என்று நானே முன்வந்து செய்தேன். பூசாரி வேலைக்கும் எனக்குத் தகுதி உண்டு என்று ஒரு நினைப்பு.

இந்த வருஷம் சிஸ்டம் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்தப் பெட்டி தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அதற்குள் டேப்புகள் அடுக்கில் நிற்கும். ஒரு சின்ன இயந்திரக் கை போய், டேப்பின் முதுகில் ஒட்டியிருக்கும் பார்கோடைப் பார்த்து, இன்று எந்த டேப் முறையோ அதை எடுத்து வந்து டிரைவுக்குள் போடும். ஃபேக்டரியில் உள்ள கம்ப்யூட்டர்களின் ரெக்கார்டெல்லாம் நெட்வொர்க் வழியாக வந்து அதில் பதிவாகும். திங்களுக்கு ஒரு டேப், செவ்வாய்க்கு ஒரு டேப் என்று முறை வைத்திருந்தேன். டேப்பின் முதுகு இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. நெற்றி என்று நினைத்து நான் பொட்டு வைத்த இடம் பார்கோடின் நட்டநடு.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் அந்தக் கை ஒவ்வொரு டேப்பின் முன்னாலும் போய் நிற்கிறது, திரும்புகிறது, மறுபடி போய் நிற்கிறது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவன் மாதிரி. ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் போயிற்று, குங்குமம் நின்றது, கூடவே பார்கோடும் கரைந்தது. கடையில் வாங்கும் ஸ்டிக்கர் வரத் தாமதமாகும் என்று ஆபீஸ் பிரிண்டரிலேயே அடித்து ஒட்டிய மேதையும் நான்தானே. திரும்பவும் அடித்து, திரும்பவும் ஒட்டினேன். ஒட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து போன், சுண்டல் மீதி இருக்கிறது, என்ன செய்வது என்று. சுண்டலைப் பற்றி விரிவாகப் பேசினேன். பேசிக்கொண்டே ஒட்டியதில் இரண்டு ஸ்டிக்கர்கள் இடம் மாறிவிட்டன. அது எனக்குத் தெரிந்தது பல மாதம் கழித்து.

இதில் சிரிக்க மட்டும் விஷயம் இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த இரண்டு ஸ்டிக்கரால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. அதைச் சொல்கிறேன்.

மாலதி மேடத்தை உங்களுக்குத் தெரியும், இப்போதும் தரக்கட்டுப்பாடு அவர்தான். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். பெங்களூரா மாம்பழ சீசனில் லாரிகள் கடத்தூர் ரோடு வரை நிற்கும். அப்போது காலையில் வந்தால் எப்போது கிளம்புவார் என்று யாருக்கும் தெரியாது. கூழைச் சூடு பண்ணி, அந்தச் சூட்டைச் சில நொடி நிறுத்தி வைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத பைக்குள் அடைத்து டிரம்மில் வைப்பார்கள். சூடு ஒரு இடத்தில் குறைந்தாலும் கூழ் புளித்து டிரம் உப்பிவிடும். அதனால் சூட்டின் அளவு விடாமல் கோடாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டுக்குச் சார்ட்டு என்று பெயர். அதைப் பார்த்து இவர் கையெழுத்துப் போட்டால்தான் டிரம் வெளியே போகும். இந்தத் தொழிலில் அவருக்கு இருக்கும் சொத்து அந்தக் கையெழுத்துதான்.

முன்பெல்லாம் சார்ட்டைக் காகிதத்தில் எடுத்துச் சுருள் சுருளாக அலமாரியில் வைத்திருப்பார். நான் விடவில்லை. "எதுக்கு மேடம் இந்தக் கரையானுக்குச் சாப்பாடு? நேரா சர்வர்ல விழுந்துடும், அங்கிருந்து டேப்புக்குப் போயிடும். நான் இருக்கேன் இல்ல?" என்று ஒரு வருஷம் நச்சரித்தேன். நச்சரிப்பு தாங்காமல் சம்மதித்தார். காகிதம் நின்றது.

அந்த சீசன் முடிந்ததும் சர்வரில் இடம் போதவில்லை. சீசன் ரெக்கார்டு முழுவதையும் ஒரு டேப்புக்கு மாற்றினேன். சீசன் டேப் என்று பெயர் வைத்தேன். சர்வரில் இருந்ததை அழித்தேன். ஆக, இருந்தது ஒரே பிரதி. பேக்கப் என்றால் இரண்டாவதாக ஒன்று இருப்பது. ஒன்றே ஒன்றை இடம் மாற்றி வைப்பதற்குப் பெயர் பேக்கப் இல்லை, ஒளித்து வைப்பது. இது எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்தும் செய்தேன், அதைத்தான் அனுபவம் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன்.

ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன், அதுவும் என் புத்தியால் இல்லை. ஓசூரில் என் முதல் வேலையில் ஒரு அம்மா எனக்கு மேலதிகாரி. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் போன் போட்டுத் திட்டுவார். பாதி கன்னடம், பாதி தமிழ். டேப்பின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு சிவப்புப் பூட்டு இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் அந்த டேப்பைப் படிக்கலாம், மேலே எழுத முடியாது. வைத்திருக்க வேண்டிய டேப்பைக் கையை விட்டு இறக்குவதற்கு முன் கட்டை விரல் அந்தப் பூட்டைத் தள்ளியாக வேண்டும் என்பது அந்த அம்மாவின் சட்டம். தள்ளாமல் மேஜைமேல் வைத்தால் டேப்பைத் திரும்பக் கையில் கொடுத்து, மறுபடி வைக்கச் சொல்வார். ஒன்றாம் வகுப்பு மாதிரி.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. ஒருமுறை அங்கே சம்பள ரெக்கார்டு இருந்த டிஸ்க் படுத்துவிட்டது. ஜெனரல் மேனேஜர் வாசலில் நின்று கத்துகிறார். நான் சும்மா இருப்பதாகத் தெரியக் கூடாதே என்று தெரிந்த கட்டளை, தெரியாத கட்டளை எல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வந்து, "ஸ்வல்ப இரு" என்றார், கொஞ்சம் பொறு என்று. என் கீபோர்டின் வயரை உருவினார், கீபோர்டைச் சுருட்டித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து சொன்னார்: "டிஸ்க் அழிச்சது பாதி. மிச்சத்த நீ அழிக்கப் பார்த்தே." அன்றிலிருந்து ஏதாவது விபரீதம் என்றால் முதலில் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன். பார்ப்பவர்களுக்கு மூலநோய் என்று தோன்றும். பரவாயில்லை.

இனி நடந்ததற்கு வருகிறேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்த சமயம், அடுத்த சீசனுக்கு மிஷின்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னையும் மாலதி மேடத்தையும் கூப்பிட்டனுப்பினார். சாதாரணமாக அவர் உட்காரச் சொல்வார். அன்று சொல்லவில்லை.

"வெளிநாட்டுக்காரன் மெயில் போட்டிருக்கான்மா. நம்ம டிரம்மு உப்பிடுச்சாம். சூடு பண்ணாமலே அடைச்சு அனுப்புனீங்களான்னு கேக்கறான்."

"சூடு பண்ணுனதுங்க. சார்ட்டு பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார் மாலதி மேடம்.

"அப்ப சார்ட்ட அனுப்பு. நாளைக்குச் சாயந்தரம் அவன் லைனுக்கு வரான். கையில சார்ட்டு இல்லாம நான் என்னத்தப் பேசறது? சார்ட்டு இல்லீன்னா பாக்காம கையெழுத்துப் போட்டன்னுதானே அர்த்தம். நானும் கிருஷ்ணகிரியில ஒரு ஆளப் பாத்து வெச்சிருக்கேன், சீசனுக்கு."

மாலதி மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆள் வந்தால் இவர் வேலை மட்டும் போகாது. கூழ் ஃபேக்டரிகள் எல்லாம் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் என்று ஒரு பேச்சு கிளம்பினால் இந்தப் பக்கம் எந்த ஃபேக்டரியும் இவரை உள்ளே விடாது. நானோ படு உற்சாகமாக, "டேப்ல பத்திரமா இருக்குங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி குடுத்துடறேன்" என்றேன். எந்த நாள் சாப்பாடு என்று சொல்லாததில்தான் கொஞ்சம் தப்பித்தேன்.

சீசன் டேப்பை எடு என்று சாஃப்ட்வேருக்குச் சொன்னேன். கை போனது, எடுத்தது, போட்டது. திரையில் வந்தது: உள்ளே இருப்பது சீசன் டேப் இல்லை, புதன்கிழமை டேப். முதுகில் சீசன் ஸ்டிக்கர், வயிற்றில் புதன்கிழமை. அப்போதுதான் அந்தச் சுண்டல் போன் ஞாபகம் வந்தது. ஸ்டிக்கர் மாறியிருந்தால், சீசன் டேப்பின் முதுகில் புதன்கிழமை என்று ஒட்டியிருக்கிறது. புதன்தோறும் அந்த டேப்பை எடுத்து அதன்மேல் எழுதியிருக்கும். "இது வேறு டேப் மாதிரி இருக்கிறதே, எழுதவா?" என்று சாஃப்ட்வேர் கேட்கும்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் என்னைக் கூப்பிடாமல் இருக்க, எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று பதிலை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன்.

திரையில் ஒரு பொத்தான் இருந்தது, இந்த டேப்பை அழித்துப் புதிதாகப் பெயர் வைக்கலாம் என்று. அவசரத்தில் அந்தப் பொத்தான் எவ்வளவு அழகாகத் தெரியும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்தேன்.

மாலதி மேடம் உள்ளே வந்தார். "என்ன சார், கைமேல உக்காந்திருக்கீங்க?"

"யோசிக்கறேன் மேடம்."

"கை வெளிய இருந்தா யோசன வராதா?"

"வரும். கூடவே க்ளிக்கும் வரும்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று மறைக்காமல் சொன்னேன். நம்மில் பலர் இந்த இடத்தில் இங்கிலீஷில் பேச ஆரம்பிப்போம். அப்படிப் பேசினால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது, கேள்வியும் வராது. நான் தமிழில் சொன்னேன். அதனால் கேள்வி வந்தது.

"புதன்கிழம புதன்கிழம அதுமேல எழுதிடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பெட்டியில் இருந்த டேப் ஒவ்வொன்றின் சிவப்புப் பூட்டையும் முதலில் தள்ளினேன், இனிமேல் ஒன்றும் போகக் கூடாது என்று. பிறகு பழைய புதன்கிழமைகளை எடுத்துப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு அப்புறம் சில மாதம் வந்த புதன் எல்லாம் சிவப்பு, அதாவது தோல்வி. அதுகூட எனக்குத் தெரிந்த விஷயம்தான், அந்த டேப் கெட்டுவிட்டது என்று அப்போதே முடிவு பண்ணியிருந்தேன். நிறத்தைப் பார்ப்பேனே தவிர, பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்க மாட்டேன். இப்போது படித்தேன். டேப் பூட்டியிருக்கிறது, எழுத முடியவில்லை. ஒவ்வொரு புதனும் அதே வாக்கியம். ஓசூர்ப் பழக்கத்தில் என் கட்டை விரல் தள்ளிவிட்டிருந்த பூட்டு. நான் கெட்டுப் போனது என்று திட்டிய டேப், மாதக்கணக்காகத் தன்மேல் ஒரு எழுத்து விழவிடாமல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"மேடம், இருக்கு. சார்ட்டு அப்படியே இருக்கு. அழியல."

"எங்க இருக்கு?"

"புதன்கிழமைன்னு ஒட்டுன டேப்ல."

"அது எங்க?"

நான் ஈரத்துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"சார்."

"கெட்டுப்போச்சுன்னு நெனச்சு, பொங்கலுக்கு ரூம் சுத்தம் பண்ணும்போது குப்பையில போட்டுட்டேன் மேடம்."

ஒரு கத்து கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "எந்தக் குப்ப?" என்று மட்டும் கேட்டார்.

உடைந்த கீபோர்டு, செத்த மவுஸ் எல்லாம் போட்ட மூட்டையில்தான் அந்த டேப்பையும், நிஜமாகவே தேய்ந்துபோன இன்னொரு பழைய டேப்பையும் போட்டிருந்தேன். ஸ்டோரில் கேட்டால், மூட்டை மொரப்பூர் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். கம்பெனியின் ரெக்கார்டு இருக்கும் டேப்பைக் கெட்டது என்றே வைத்துக்கொண்டாலும் வெளியே விடலாமா? கூடாது. நொறுக்கித்தான் விட வேண்டும். நம் ஃபேக்டரியில் அந்த விதியை எழுதியவன் யார் என்று கேட்காதீர்கள். எழுதியவன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மொரப்பூர் போய்க்கொண்டிருந்தான்.

கடைக்காரர் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேசட் மாதிரி இருக்குமே என்று கையால் காட்டினேன்.

"அதுங்களா? கேசட்டு வந்தா என்கிட்ட நிக்காதுங்க. சோளக் கொல்லக்காரங்க வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க."

"எதுக்குங்க?"

"கிளி ஓட்டத்தான். நாடாவ உருவிக் கொல்ல பூரா கட்டிட்டா காத்துல கத்தும், வெயில்ல மினுக்கும். கிளி எறங்காது." என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது உங்க கம்பெனியிதுங்களா? ரொம்ப ஒசத்திச் சரக்குங்க. பாட்டுக் கேசட்டு நாடா நாலு பாத்திக்கு வராது. இது இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருந்துச்சாம். மறுபடி எப்பங்க போடுவீங்க?"

சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்த்து விழுங்கினேன். யார் வாங்கினார்கள் என்று மாலதி மேடம் கேட்டார். பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில் ஒரு சோளக் கொல்லை, ரோட்டோரம் பம்ப்செட் இருக்கும், வீட்டுக்கார அம்மாவே வந்து இரண்டையும் வாங்கிப் போனார் என்று அடையாளம் சொன்னார்.

கொல்லையைத் தேடவே வேண்டியதில்லை. ரோட்டில் வரும்போதே தெரிந்தது. கதிர் பிடித்த சோளத்துக்கு மேலே குச்சிக்குக் குச்சி கறுப்பு நாடா, வெயிலில் பளபளவென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. வண்டிச் சத்தத்தையும் மீறி அது ஊளையிடுவது கேட்டது. ஒரு டேப்புக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நாடா இருக்கும். ஒரு சீசன் முழுக்கச் சூடு பண்ணிய கணக்கு காற்றில் ஆடுகிறது என்றே நினைத்தேன்.

"திரும்பிடலாம் மேடம்" என்றேன். "கட்டிட்டாங்க. இனி அதுல ஒண்ணும் எடுக்க முடியாது. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன், தப்பு என்மேலதான்னு." என் மன்னிப்புப் பேச்சு அதற்குள் மனசில் தயாராகிவிட்டது. நன்றாகவே வந்திருந்தது, இரண்டு இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

"நீங்க சொன்னா அவரு உங்கள மன்னிப்பாரு. கையெழுத்து என்னோடது" என்றார் அவர். ஸ்கூட்டரை நிறுத்தினார். "எறங்குங்க."

வரப்பில் ஒரு அம்மா புல் அறுத்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் உடுப்பில் இரண்டு பேர் வருவதைப் பார்த்து நிமிர்ந்தார். "கரண்டு ஆபீஸுங்களா?"

"இல்லீங்கக்கா. இந்த நாடா" என்று மேலே கையைக் காட்டினார் மாலதி மேடம்.

"நல்லாக் கத்துதுங்க. இத்தன நாளா ஒரு கிளி எறங்கல. உங்களுக்கும் வேணுமா?"

"ரெண்டு பொட்டி வாங்குனீங்களாமே. ரெண்டையும் உருவிட்டீங்களா?"

"எங்கங்க, ஒண்ணே கொல்ல பூரா வந்து மேல மிச்சமும் ஆயிடுச்சு. இன்னொண்ண எங்க தம்பியோட மாமியா வூட்டுக்குக் குடுக்கலாம்னு மோட்டார் ரூமுல வெச்சிருக்கேன்."

மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே அது இருந்தது. கொதிக்கும் தகர ஷெட்டில், மண் படிந்து, ஒரு ஓரத்தில் பல்லி எச்சத்தோடு. துடைத்துப் பார்த்தேன். புதன்கிழமை. என் பிரிண்டர் மை. சிவப்புப் பூட்டு தள்ளியபடியே இருந்தது. உருவப்பட்டது அந்தத் தேய்ந்த டேப்.

அந்த அம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "எடுத்துக்கிட்டுப் போனா எங்க தம்பிக்கு நான் என்ன சொல்றது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாலதி மேடம் பேசி முடித்துவிட்டார். கூழ் அடைக்கும் பைகளில் கழிவாகிப் போனது ஃபேக்டரியில் இருக்கிறது, வெள்ளித் தாள் மாதிரி மின்னும், கிழித்துக் கட்டினால் கிளி என்ன, மயிலே வராது. உங்களுக்கும் தம்பிக்கும் கொண்டுவந்து தருகிறேன், மேலே கட்டிய நாடாவையும் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். தேய்ந்த டேப்பாக இருந்தாலும் அதுவும் கம்பெனி ரெக்கார்டு என்பது எனக்கு முன்னால் அவருக்கு ஞாபகம் வந்திருந்தது. மறுவாரமே கொண்டுபோய்க் கொடுத்து, நாடாவை வாங்கி வந்து எரித்தோம்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் இதுதான். ஃபேக்டரிக்கு வந்ததும் முதலாளியிடமிருந்து போன். "கெடச்சுதா? போட்டுப் பாருங்க, உடனே பாருங்க." டிரைவ் பக்கத்திலேயே இருக்கிறது, டேப் கையில் இருக்கிறது. தள்ளினால் உள்ளே போய்விடும். ஆனால் அது மாதக்கணக்கில் தகர ஷெட்டில் வெந்த டேப். ஏ.சி. ரூமில் இருக்கும் டிரைவுக்குள் அந்தச் சூட்டோடும் மண்ணோடும் போட்டால் நாடா உள்ளே சிக்கிக் கிழியலாம். இருப்பது ஒன்றே ஒன்று.

"நாளைக்குக் காலையிலதாங்க போடுவேன்" என்றேன்.

"என்னய்யா வெளையாடறீங்களா? நாளைக்குச் சாயந்தரம் அவன் லைனுக்கு வரான்."

"சாயந்தரத்துக்குள்ள குடுத்துடுவேங்க. இப்பப் போட்டு அறுந்துட்டா எப்பவுமே குடுக்க முடியாது. நாளைக்கு வரைக்கும் என்னைத் திட்டிக்கோங்க."

நாளை வரைக்கும் காத்திருக்கவில்லை, அப்போதே திட்டினார். கேட்டுக்கொண்டேன். முப்பது வருஷத் தொழிலில் எத்தனையோ சாஃப்ட்வேர் போட்டிருக்கிறேன், கழற்றியிருக்கிறேன். எதுவும் இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத் தைரியம் வேண்டும். மேலே இருப்பவர் கேட்கும்போது ஏதாவது செய்துகொண்டிருப்பதாகக் காட்டத்தான் கை துடிக்கும். டேப்பின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, ரூமில் ஆறட்டும் என்று வைத்துவிட்டு, கிடைத்த நேரத்தில் டிரைவைச் சுத்தம் செய்தேன். ஒரு உதவாத டேப்பைப் போட்டுப் படிக்க வைத்து, டிரைவ் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தேன். ஸ்டிக்கர்களைக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு டேப்பும் உள்ளே என்ன பெயர் வைத்திருக்கிறது என்று பார்த்து, போனை அணைத்து வைத்துவிட்டு, ஒட்டினேன்.

மறுநாள் காலை மாலதி மேடம் எனக்கு முன்பே வந்து சிஸ்டம் ரூம் வாசலில் நின்றிருந்தார். டேப்பை உள்ளே தள்ளினேன். டிரைவ் அதை ஒருமுறை இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. குப்பையில் போட்ட டேப்பை நான் சாஃப்ட்வேரின் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டிருந்தேன். அதனால் உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முதலிலிருந்து கடைசி வரை முழுக்கப் படித்துப் பட்டியல் போட வேண்டும். படித்தது. ஒரு இடத்தில் நின்று, பின்னால் போய், திரும்பப் படித்தது. டீ வந்தது, ஆறியது, இன்னொரு டீ வந்தது. மதியம் ஆனது.

பட்டியல் வந்தது. அந்த டிரம்கள் அடைத்த நாளைத் தேடி எடுத்தேன். திறக்கப் போனவனை அவர் நிறுத்தினார்.

"நான் பாக்கறேன் சார். முதல்ல நான்."

எழுந்து இடம் கொடுத்தேன். நான் சார்ட்டு இருக்கிறதா இல்லையா என்றுதான் இவ்வளவு நேரம் பயந்தேன். அவருடைய பயம் அதைவிடப் பெரியது என்று அப்போதுதான் உறைத்தது. சீசன் நெரிசலில் லாரி நிற்கும்போது, தூக்கக் கண்ணோடு, தான் பார்த்தது சரியாகத்தான் பார்த்தோமா என்ற சந்தேகம் அவருக்கும் இருந்திருக்கும். கோடு திரையில் வந்தது. விரலை வைத்து இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினார். எங்கேயும் விரல் இறங்கவில்லை. கடைசி டிரம் வரை சூடு ஒரே மட்டத்தில் நின்றிருந்தது. இரண்டு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அனுப்புங்க" என்றார்.

சாயந்தரம் முதலாளி பேசினார். டிரம்கள் வேறு எங்கேயோ வெயிலில் கிடந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. அது அவர்கள் பக்கத்துச் சங்கதி. கிருஷ்ணகிரி ஆள் வரவில்லை. முதலாளி மாலதி மேடத்திடம் சொன்னது இவ்வளவுதான்: "சரிம்மா, சீசன் வேலையப் பாரு." என்னிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது, பெண்களும் படிப்பார்கள்.

அதற்கப்புறம் சீசன் டேப் இரண்டாக எடுத்தேன், ஒன்று ஃபேக்டரிக்கு வெளியே போகும். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும் அந்த வசதியை எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் கூப்பிடட்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ரெக்கார்டை டேப்பிலிருந்து எடுத்துப் பார்ப்பேன். அப்படி எடுக்கும்போது அது யாருடைய ரெக்கார்டோ அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சாஃப்ட்வேர் வெற்றி என்று பச்சையாகக் காட்டுவது நம்மைச் சந்தோஷப்படுத்தத்தான். தன் ரெக்கார்டு வந்ததா இல்லையா என்று அந்த ஆள் பார்த்துச் சொல்வதுதான் நிஜம். தொலைந்தால் தொலைவது அவருடையது, நம்முடையது இல்லை, அதனால் அவர் நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்.

ஆயுத பூஜையும் நிற்கவில்லை. பொட்டு இப்போது பெட்டியின் வெளிப்பக்கம்.

நான் ஓய்வு பெற்ற அன்று மாலை கேன்டீனில் எனக்கு மாலை போட்டு, நாலு பேர் பொய் பேசினார்கள். கூட்டம் கலைந்ததும் மாலதி மேடம் டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். போகிற நாளில் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாமே என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"மேடம், நெஜமாச் சொல்லுங்க. அன்னிக்கு மொரப்பூர், கொல்ல, எல்லா எடத்துக்கும் கூடவே வந்தீங்களே. இவரு எப்படியும் எடுத்துடுவாருன்னு என்மேல ஒரு நம்பிக்கையிலதானே வந்தீங்க?"

அவர் டீயை ஊதிக் குடித்தார்.

"இல்லீங்க சார், நீங்க பாதியில திரும்பிடுவீங்கன்னு வந்தேன்."